கருவாட்டு ஆம்னியில் பேட் துவாரகை வரை: ஒரு தர்ம ராலியின் வரவு செலவு

இந்த ராலிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அதில் அந்த அரை மதிப்பெண் மதினி சண்டை போட்டு வாங்கியது.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனையில் கிளம்பி, குஜராத்தில் ஓகாவைத் தாண்டி பேட் துவாரகைத் தீவில் முடிகிற கார் ராலி இது. பழைய வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஓட்டுகிறவர்கள் அவரவர் ஊரில் நன்கொடை திரட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நம் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு வேன் வாங்குவார்கள். நடத்துகிறவர்கள் பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், பிள்ளைகளோ நல்ல பிள்ளைகள்.

நான் தங்கச்சிமடம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். மதினிக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, வாளை, திருக்கை எல்லாம் அவருடைய 2009 மாடல் மாருதி ஆம்னியில்தான் ராமநாதபுரம் சந்தைக்குப் போகும். என்னைவிட நன்றாக ஓட்டுவார். விளம்பரத்தைக் கொண்டு வந்து காட்டியதும் அவர்தான். "ஏத்தா, உனக்குக் கணக்கு எழுதத் தெரியும், எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். வேற என்ன வேணும்?"

இந்த மாதிரி ராலி வெளிநாட்டில் பழசு. இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் பஞ்சூல் வரை ஓட்டை உடைசல் கார்களை ஓட்டிப் போய், அங்கேயே ஏலம் விட்டு, அந்தக் காசை உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பது 2003இல் தொடங்கியது. அடுத்த வருஷமே மங்கோலியா வரை போன மங்கோல் ராலி. சின்ன எஞ்சின் வண்டிதான் கொண்டு வர வேண்டும், ஒவ்வொரு அணியும் குறைந்தது 1,000 பவுண்டு திரட்ட வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. நம் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் இதை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் போன இடத்தில் வண்டியை விற்பது மட்டும் இங்கே நடக்காது. டிஎன் 65 வண்டியைக் குஜராத்தில் விற்க வேண்டுமென்றால் நம் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே மறுபதிவு, அங்கத்திய வரி. ஏலத்தில் கிடைப்பது அந்த அலைச்சலுக்கே போதாது. அதனால் வண்டி ஊர் திரும்பியாக வேண்டும். விளம்பரத்தில் எழுதாத முதல் செலவு இதுதான்.

நுழைவுக் கட்டணம் அணிக்கு 25,000 ரூபாய். அதற்குக் கிடைப்பது இரண்டு பனியன், கதவில் ஒட்ட ஸ்டிக்கர், வழித்தடம் போட்ட ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸாப் குழு, கடைசி நாள் சாப்பாடு, "உதவி வண்டி". தங்குமிடம், பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் நம் தலையில். பந்தயம் கிடையாது, யார் முதலில் போனார் என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவே நல்லது. நேரம் வைத்து ஓட்டுகிற ராலி என்றால் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு, அனுமதி, ஹெல்மெட் என்று வேறு உலகம். இதில் இருட்டினால் நிறுத்திவிடலாம்.

கையெழுத்துப் போடச் சொல்லும் உறுதிமொழித் தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள். எது நடந்தாலும் நடத்துகிறவர்கள் பொறுப்பில்லை என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறது. வண்டி இன்ஷூரன்ஸும் ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடும் நம்முடையதாக இருக்க வேண்டும். எங்கள் ஆம்னிக்குப் பதினைந்து வருஷம் 2024இலேயே முடிந்து, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஆர்சி புதுப்பித்திருந்தோம். ஆர்சி முடிந்த வண்டியோடு வந்த ஒரு அணியைக் கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். அதில் கண்டிப்பாக இருந்ததற்கு ஒரு பாராட்டு.

வண்டியைத் தயார் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கடற்கரை வண்டிக்கு எஞ்சின் கெடுவதற்கு முன்னால் தரை போய்விடும். உப்புக் காற்று ஒரு பக்கம், கருவாட்டுப் பெட்டியில் வடிகிற உப்புத் தண்ணீர் மறுபக்கம். ஆம்னியின் பின்தரையில் கையை விட்டால் ரோடு தெரியும். ராமநாதபுரத்தில் தகரம் வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்றார்கள். மதினி கேட்கவில்லை. பாம்பனில் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற தம்பியைக் கூட்டி வந்தார். துருவைச் சுரண்டி எடுத்து, பாய் விரித்த மாதிரி ஃபைபர் மேட்டைப் போட்டு, ரெசின் ஊற்றி, காய்ந்ததும் தேய்த்துவிட்டுப் போனான். வண்டியின் அடிச்சட்டத்தில் துரு இருந்தால் இதெல்லாம் ஆகாது, வெல்டிங்தான். எங்களுக்குத் தரை மட்டும்தான் போயிருந்தது. போன வழியில் மழை, சேறு, உப்பளம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

எஞ்சின் பக்கம் மெக்கானிக் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. 796 சிசி, மூன்று சிலிண்டர். 1984இல் மாருதி வேன் என்று வந்ததிலிருந்து 2019இல் நிறுத்தியது வரை அடிப்படை அதேதான் என்பதால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும் என்றார். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயை அது அரிக்கும் என்று பெட்ரோல் லைன் முழுவதையும் மாற்றினார். கையில் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஃபேன் பெல்ட், ஃப்யூஸ், இரண்டு கேன் தண்ணீர். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் ரிப்பேருக்கு சீட்டைத் தூக்கினால் போதும். ஆனால் ஓட்டும்போது அந்தச் சூடு நேராக நம் தொடைக்குத்தான். தென்னங்கயிற்றுப் பாய் ஒன்றை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். ஏசி வண்டியில் வந்த சென்னைப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். நாற்றத்தைப் பற்றி மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் வண்டியை நிறுத்தவும் இல்லை. வினிகர், எலுமிச்சை, கரித்தூள், வேப்பிலை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த வாடை ஃபைபருக்கு அடியிலேயே குடியிருக்கிறது.

பணம் திரட்டுவதில்தான் எங்கள் ஊர் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. டீக்கடையில் வயதான ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கேட்டார். "ஏம்மா, ஓகாவுக்குத்தான் வாராவாரம் இங்கேருந்து ரயிலு போகுதே. அதுல போயிட்டு வந்து, வண்டிக்குச் செலவழிக்கிற காசை நேரா பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தா ஆகாதா?"

தர்ம ராலி எதையும் எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடையாது. எங்கள் செலவைச் சொல்கிறேன். கட்டணம் 25,000. வண்டித் தயாரிப்பு 21,500. பெட்ரோல் 19,400. சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டாக் ஆண்டுச் சந்தா 3,000. தங்கல், சாப்பாடு, கப்பல் எல்லாம் சேர்த்து 17,000. வண்டியை லாரியில் மதுரைக்குத் திருப்பி அனுப்ப 16,000. நாங்கள் திரும்பிய ரயில், சில்லறைச் செலவு 2,600. மொத்தம் 1,04,500 ரூபாய். நாங்கள் இருவரும் பாதிப் பாதி. திரட்டிக் கொடுத்தது 1,92,350.

சம்மாட்டி சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் ஒரு லட்சத்தை எடுத்துப் போய் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கொடுத்திருப்போமா? மாட்டோம். ஐயாயிரம் கொடுத்திருப்போம், அதுவும் மதினி மூவாயிரத்துக்குப் பேரம் பேசியிருப்பார். வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ஊர் 1,92,350 தந்திருக்குமா? அதுவும் இல்லை. ராலிக்காரர்கள் நமக்கு விற்பது வழித்தடத்தையும் பனியனையும் அல்ல, நாலு பேரிடம் கூசாமல் கை நீட்ட ஒரு சாக்கு. அந்தச் சாக்குக்கு 25,000 கொடுக்கலாம் என்பது என் கருத்து. சம்மாட்டியிடமும் இதையே சொன்னேன். "அப்போ சரி, கிலோமீட்டருக்கு ஒரு ரூவா. ஆனா மீட்டரை போட்டோ புடிச்சு அனுப்பணும்" என்றார்.

அதை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மல்லிகை நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் கிலோமீட்டருக்கு 50 காசு. மகளிர் குழுவில் 10 காசு. துபாயில் இருக்கும் என் அக்கா மகனும் அவன் அறை நண்பர்களும் ஒரு ரூபாய். கீழக்கரையில் மதினியிடம் கருவாடு வாங்கும் ஒரு ராத்தா மொத்தமாக 10,000 கொடுத்து, ரசீது வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றுவிட்டார். வடக்கே எங்கே பெட்ரோல் போட நிறுத்தினாலும் முதல் வேலை மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவது. சம்மாட்டி ஒரு நாள் போன் செய்து, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் தூரம் கூடவில்லையே, என்ன ஆச்சு என்று விசாரித்தார். வாட்ஸாப் குழுவில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

நிர்வாகக் குறைகளில் பெரியது பணம் போகிற வழி. முதலில் நன்கொடையை நடத்துகிறவர் ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். முடியாது என்று நான் குழுவிலேயே எழுதினேன். பின்னால் நாலைந்து அணிகள் சேர்ந்துகொண்டன. அதன் பிறகுதான் பள்ளி நடத்தும் அறக்கட்டளையின் கணக்கு எண்ணையே கொடுத்தார்கள். அறக்கட்டளைக்கு 80ஜி என்று சொல்லிவந்த வருமான வரிச்சலுகைப் பதிவு இருக்கிறதா, நன்கொடையாளருக்கு அதற்கான சான்றிதழ் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. சலுகை உண்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வாங்கக் கூடாது.

இரண்டாவது, முடிவில் போட்ட போஸ்டர். "22 வண்டிகள், 38 லட்சம் திரட்டினோம்" என்று போட்டார்கள். 22 அணியின் நுழைவுக் கட்டணம் ஐந்தரை லட்சத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். அது அவர்களின் நிர்வாகச் செலவுக்குப் போன பணம், பள்ளிக்குப் போனதல்ல. பள்ளிக்குப் போனது 32 லட்சத்து 50 ஆயிரம். அதுவே பெருமைப்பட வேண்டிய தொகைதானே, எதற்கு ஊதிக் காட்ட வேண்டும்? சங்கத்தில் இப்படி எழுதினால் தணிக்கைக்காரர் பேனாவைப் பிடுங்கிவிடுவார். சொன்னதும் மாற்றினார்கள். மாற்றினார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

உதவி வண்டி என்பது ஒரு பிக்கப். நாங்கள் கேரளத்தில் இருக்கும்போது அது கர்நாடகத்தில் இருந்தது, நாங்கள் கர்நாடகத்துக்குள் போனபோது கோவாவில். முன்னால் போய்ச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிற வண்டி பின்னால் நின்றவனுக்கு என்ன உதவி செய்யும்? மகாராஷ்டிரத்தில் சிப்ளூண் தாண்டிப் பரசுராம் காட் என்ற மலைப்பாதை ஏற்றத்தில் எங்கள் கிளட்ச் கேபிள் அறுந்தது. போன் செய்தால் "அக்கா, நாங்க பன்வேல்ல இருக்கோம்" என்கிறார்கள். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெக்கானிக் அண்ணனை வீடியோ அழைப்பில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல மாற்றிவிட்டார். நான் டார்ச் பிடித்தேன்.

வழியைப் பற்றிக் கொஞ்சம். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பங்க் கிடையாது. பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், காற்று ஆம்னி மாதிரி உயரமான வண்டியைத் தள்ளும். சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை சுகம். கேரளத்தில் 66ஆம் எண் நெடுஞ்சாலையில் நாங்கள் போனபோது பல இடங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்து, எங்கே ஏறுவது எங்கே இறங்குவது என்று தெரியாமல் மதினி வாயில் வராத வார்த்தை இல்லை. கர்நாடகத்தில் மரவந்தே என்ற இடத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நம் ரோடு. அதற்காகவே அந்தப் பக்கம் ஒருமுறை போகலாம். பெட்ரோலைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளத்தில் விலை அதிகம். அடுத்து கோவாவில் டேங்க் நிறைய.

பிடிஎஃப்பில் இருந்த ஒரே அருமையான யோசனை கப்பல். சூரத்துக்குப் பக்கத்தில் ஹசீராவிலிருந்து காம்பே வளைகுடாவைக் கடந்து கோகாவுக்கு 2020 முதல் வண்டி ஏற்றும் கப்பல் ஓடுகிறது. தரைவழியில் 370 கிலோமீட்டர் சுற்றுவது கடலில் 90 ஆகிவிடும். லாரிகளுக்கு நடுவில் எங்கள் ஆம்னியையும் ஏற்றிக் கட்டினார்கள். கிலோமீட்டர் குறைந்ததில் சம்மாட்டிக்கு லாபம். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்த மதினி மேல்தளத்தில் நின்று, "இது என்னத்தா கடலு, சேத்துத் தண்ணியா இருக்கு?" என்றார். அங்கே அப்படித்தான், நம் மன்னார் வளைகுடாத் தண்ணீரை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கரையில் இறங்கியதும் ராலி மதினியுடையதாகிவிட்டது. ஜாஃப்ராபாத், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டிய மீன்பிடி ஊர். வழித்தடத்தில் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று வண்டியைத் திருப்பினார். கண்ணுக்கு எட்டிய தூரம் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, துணி காயப் போட்டது மாதிரி வங்காரவாசி மீனை (பாம்பே டக் என்பார்களே, அதுதான்) தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்மூரில் மணலில் விரிப்போம், வலையில் கொட்டிக் காயவைப்போம். காக்கைக்கும் நாய்க்கும் காவல் இருக்க வேண்டும், மணல் ஒட்டினால் விலை குறையும். அங்கே இரண்டு மீனின் தாடையை ஒன்றோடொன்று மாட்டிக் கயிற்றில் போட்டுவிடுகிறார்கள். காற்று அடியிலிருந்தும் போகிறது, மணல் ஒட்டுவதில்லை. மதினி ஒரு மீனைக் கழற்றி முகர்ந்து, முறித்து, உப்பு எவ்வளவு என்று சைகையில் கேட்டார். அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா சைகையிலேயே, உப்பே இல்லை, காற்றுதான் என்றார். இரண்டு பேரும் பாஷை தெரியாமல் ஒரு மணி நேரம் பேசினார்கள். விலை, கூலி, ஏஜென்ட் அடிக்கிற கமிஷன் வரை மதினி கறந்துவிட்டார். விரலை மடக்கிக் காட்டினால் போதுமாம். எங்கள் வண்டியின் வாடை அந்த ஊரில்தான் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அரை மதிப்பெண் கூடியது இங்கேதான்.

வேராவலும் போர்பந்தரும் தாண்டும்போது இன்னொன்று நடந்தது. கதவு ஸ்டிக்கரில் ராமேஸ்வரம் என்று இந்தியிலும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் காசு வாங்க மறுக்கிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து துவாரகைக்கு வருகிறவர்கள் அவர்களுக்கு யாத்ரீகர்கள், சார் தாம் என்கிற நாலு புனிதத் தலங்களில் இரண்டைத் தொடுகிறவர்கள். ஒரு பாட்டி ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் நூறு ரூபாய் போட்டார். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்று சொல்ல மதினிக்கு இந்தி தெரியாது, தெரிந்த எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாட்டி டேஷ்போர்டில் இருந்த அந்தோணியாரையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. பேட் துவாரகையும் தீவு. 2024 பிப்ரவரி வரை படகில்தான் போக வேண்டும். இப்போது சுதர்சன் சேது பாலம் இருக்கிறது, நீளம் 2.32 கிலோமீட்டர். நம் பாம்பன் ரோட்டுப் பாலமும் ஏறக்குறைய அதே நீளம்தான், 1988இல் வந்தது. இங்கே ஒரு பாலத்தில் ஏறி, அங்கே ஒரு பாலத்தில் இறங்குகிறோம். கடைசி நாள் சாப்பாடு சுமார். மைக்கில் பேசியது அதிகம். பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை மட்டும் இரண்டே நிமிஷம், வேனில் சக்கர நாற்காலி ஏற்ற என்ன வசதி வேண்டும், எத்தனை பிள்ளைகள் நடந்து வர முடியாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று பேசிவிட்டு உட்கார்ந்தார்.

சேர நினைக்கிறவர்கள், குறிப்பாக நம் பக்கத்துப் பெண்கள், தாராளமாகச் சேரலாம். வழியில் எங்களுக்கு ஒரு இடத்திலும் தொந்தரவில்லை. தங்குமிடத்தை மட்டும் இருட்டுவதற்கு முன் பிடித்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வசூலுக்குப் போகாதீர்கள், அப்போது கரையில் யார் கையிலும் காசு இருக்காது. திரும்பி வர வண்டிக்கு லாரி, நமக்கு ஓகா ரயில் என்பதே மலிவு.

அடுத்த ராலிக்குக் கட்டணம் 35,000 என்று அறிவித்திருக்கிறார்கள். நான் இரண்டு கேள்வி எழுதி அனுப்பினேன். கட்டணத்தையும் நன்கொடையையும் தனித்தனியாகக் காட்டுவீர்களா? உதவி வண்டி எல்லோருக்கும் பின்னால் வருமா? முதலாவதற்கு ஆமாம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவேன். மதினி அதுவரை காத்திருக்கவில்லை, பாம்பனில் மூங்கிலும் கயிறும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.